மாத்திரைச் சீட்டும் காட்டன் சீட்டும்

அவர் மனைவி துணிப்பையிலிருந்து முதலில் எடுத்து வைத்தது அடகுச் சீட்டுகள், மொத்தம் ஆறு. அடுத்தது ஒரு நீள நோட்டு. பக்கம் பக்கமாக இரண்டிலக்க எண்கள், சிலவற்றைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். கடைசியாக, "இதுவும் வேணுமாம்மா?" என்று கேட்டுக்கொண்டே மாத்திரை டப்பாவை வைத்தார். இந்த மூன்றில் எது முக்கியம் என்று அந்த நிமிஷம் கேட்டிருந்தால் நானும் நோட்டைத்தான் காட்டியிருப்பேன்.

வேலூரில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். இதைக் குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு அப்போது 61 வயது. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் 31 வருஷம் வேலை பார்த்து 2021இல் ஓய்வு பெற்றவர். கட்டிங் என்றால் தோலை விரித்துப் போட்டு, எங்கே வடு, எங்கே மெலிவு என்று பார்த்து, வீணாகாமல் வெட்டி எடுக்கும் வேலை. ஒரு தோலைப் பார்த்ததும் இதில் இத்தனை சதவீதம் கழிவு போகும் என்று சொல்லிவிடுவாராம். இதை இங்கே குறிப்பிடக் காரணம் இருக்கிறது. கணக்குத் தெரியாமல் ஏமாந்த மனிதர் இல்லை இவர்.

சூதாட்டம் அவருக்குப் புதிது, ஆனால் வீட்டுக்குப் புதிதில்லை. அவருடைய நைனா சீட்டாட்டத்தில் நிலத்தை விட்டவர். பள்ளிக்கூட நாளிலேயே அந்த வீழ்ச்சியைக் கண்ணால் பார்த்ததால், தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரி தடை செய்யப்படும் வரை தெருவுக்குத் தெரு கடை இருந்த காலத்திலும் அவர் ஒரு சீட்டு வாங்கியதில்லை. கம்பெனியில் தீபாவளிக்கு நண்பர்கள் ரம்மி போட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். அப்படிப்பட்டவர் 11 மாதத்தில் காட்டனில் 2,60,000 ரூபாய் விட்டிருக்கிறார். மனைவியின் ஐந்து பவுன், பி.எஃப். பணத்தில் மீதி இருந்தது, மகளிர் குழுவில் மனைவி பெயரில் எடுத்த கடன், எல்லாம் அதில் போயிற்று.

காட்டன் என்ற பெயர் வெளியூர்க்காரர்களுக்குப் புதிராக இருக்கலாம். வேலூர், குடியாத்தம், வாணியம்பாடி வட்டாரங்களில் எல்லோருக்கும் தெரிந்த சொல் அது. நியூயார்க் பருத்திச் சந்தையிலிருந்து பம்பாய்க்குத் தந்தியில் வரும் தொடக்க விலை, முடிவு விலைகளின் மேல் அந்தக் காலத்தில் பந்தயம் கட்டினார்கள். 1961இல் அந்த விலை வருவது நின்றது. பருத்தி போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இன்றைக்கு டீக்கடை ஓரத்தில் ஒருவர் துண்டுச் சீட்டில் எண் எழுதித் தருவார். ரிசல்ட் பிறகு வரும். சட்டப்படி குற்றம்தான்.

இவர் கட்டிய இடத்தில், கட்டிய எண் விழுந்தால் ஒரு ரூபாய்க்கு 70 ரூபாய். 00 முதல் 99 வரை நூறு எண்கள் இருக்கும்போது 70 தான் தருகிறார்கள் என்றால், கட்டும் பணத்தில் சராசரியாக 30 சதவீதம் போய்விடும். முதல் நாள் இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தெரியும்மா. தோல்ல முப்பது பர்சென்ட் வேஸ்ட் போச்சுன்னா கட்டிங்ல நிக்க வெச்சுக் கேப்பாங்க. எனக்குத் தெரியாதா?"

அந்தப் பதில்தான் என்னை வேறு பக்கம் திருப்பியது. தெரியாமல் செய்கிறவருக்குத் தெரியவைக்கலாம். இவருக்குத் தெரிந்திருக்கிறது, அழுதுகொண்டே தெரிந்திருக்கிறது, ஆனாலும் மறுநாள் காலை ஏழு மணிக்குக் கால் டீக்கடைக்குப் போகிறது.

ஒரே தாளில் இரண்டு தேதி வரிசை

வலது கை நடுக்கம் தொடங்கியது 2019இல். பார்க்கின்சன் நோய், அதாவது நடுக்குவாதம் என்று உறுதியானது. முதலில் லெவோடோப்பா என்ற மருந்து கொடுத்திருக்கிறார்கள். 2021இல் பிராமிபெக்சோல் என்ற மாத்திரை சேர்ந்தது. 2023 ஜூனில் அதன் அளவு நாளொன்றுக்கு 1.5 மில்லிகிராமிலிருந்து 3 மில்லிகிராமாக உயர்ந்தது. கை நன்றாகவே வந்தது. சட்டைப் பட்டனைத் தானே போட ஆரம்பித்தார். குடும்பத்துக்கு மகிழ்ச்சி.

மகள் மருந்துக்கடை பில்களைப் பத்திரமாகக் கோத்து வைத்திருந்தாள். அவள்தான் பில் தேதிகளையும் அடகுச் சீட்டுத் தேதிகளையும் ஒரே தாளில் எழுதினாள். முதல் அடகு 2023 டிசம்பர். அதற்கு முன்னால் 'சும்மா இருபது ரூபாய்க்கு' கட்ட ஆரம்பித்தது அக்டோபர். மாத்திரை அளவு ஏறி நாலு மாதம். அவளே பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

வேறு சில விஷயங்களையும் அந்தக் காலத்துக்குள் வைக்க முடிந்தது. இனிப்பே தொடாத மனிதர் ஆற்காடு போனால் மக்கன் பேடாவை அரைக்கிலோ வாங்கி, வீடு வருவதற்குள் பஸ்ஸிலேயே முடித்துவிடுவார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து நோட்டில் எண்களை அடுக்குவார், அழிப்பார், திரும்ப அடுக்குவார். பஸ் டிக்கெட்டின் கடைசி இரண்டு எண், நாட்காட்டித் தேதி, கரண்ட் பில், எல்லாம் அந்த நோட்டில் இருந்தது. ஒரே காரியத்தை நோக்கமில்லாமல் மணிக்கணக்கில் செய்வதும், கட்டுப்பாடில்லாமல் தின்பதும் இந்த மருந்து வகையோடு சேர்த்துப் பதிவாகியிருப்பவைதான்.

வேறு காரணங்களையும் பார்த்தோம். முன்மூளை சுருங்கும் ஒருவகை மறதி நோயிலும் இப்படி ஒரு மனிதர் திடீரென்று மாறலாம். அறிவுத்திறன் சோதனைகளில் வயதுக்கு ஏற்ற மதிப்பெண்ணே வந்தது. பித்து நிலைக்கான அறிகுறி இல்லை. குடி இல்லை, பீடி மட்டும் உண்டு. சூதாட்ட நோய்க்கு இன்று பயன்படுத்தும் ஒன்பது அறிகுறிகளில் நாலு இருந்தாலே நோய் என்று கொள்வார்கள். இவருக்கு ஏழு.

ஆனால் அதற்கு முன்னால் அந்தக் குடும்பம் எங்கெல்லாம் அலைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். குறி கேட்டார்கள். செய்வினை என்று எடுத்தார்கள். குடி மறக்க வைக்கும் ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். குடிப்பதே இல்லை என்றதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாத்திரை எழுதித் தந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள், விரலைத் தட்டச் சொல்லிப் பார்த்தார்கள். பணம் எப்படிப் போகிறது என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நடுக்கத்துக்குப் பார்க்கும் டாக்டரிடம் காட்டனைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும்? 'அப்பன் புத்தி ரத்தத்துல வந்துட்டுது' என்று அவரே தீர்ப்பு எழுதி முடித்திருந்தார்.

மேட்டு வயலும் பள்ளத்து வயலும்

நம் மூளையின் நடுப்பகுதியில் கருமையாகத் தெரியும் ஒரு சின்ன இடம் இருக்கிறது. சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று பெயர். அங்கே உள்ள செல்கள் டோப்பமின் என்ற வேதிப்பொருளை ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியின் மேல்பாகத்துக்கு அனுப்புகின்றன. உடல் அசைவுக்கு அது வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே உள்ள வேறு செல்கள் ஸ்ட்ரையேட்டத்தின் கீழ்ப்பாகத்துக்கு அனுப்புகின்றன. ஒன்றை நாடுவதும் தேடிப் போவதும் அந்தக் கீழ்ப்பாகத்தோடு தொடர்புடையவை. பார்க்கின்சன் நோயில் முதலில் காய்வது மேல்பாகத்துக்குப் போகும் பாசனம். கீழ்ப்பாகத்துக்குப் போவது ஆரம்ப வருஷங்களில் பெருமளவு நன்றாகவே இருக்கும்.

அவருக்கு இதை ஏரியை வைத்துத்தான் விளக்கினேன். மேட்டு வயல் காய்கிறது என்று மதகை முழுசாகத் திறந்தால் மேட்டு வயலுக்குப் போதுமான தண்ணீர் ஏறும். ஆனால் ஏற்கெனவே ஈரமாக இருந்த பள்ளத்து வயல் மூழ்கும். மாத்திரைக்கு எந்த வயல் என்று தெரியாது. அதிலும் பிராமிபெக்சோல், டோப்பமினை ஏற்கும் வாங்கிகளில் டி3 என்ற வகையை அதிகம் நாடும் மருந்து. அந்த வகை வாங்கிகள் கீழ்ப்பாகத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அவர் உடனே புரிந்துகொண்டார். "அப்போ கை நல்லானது மேட்டு வயலு" என்றார். மற்றதை அவர் சொல்லவில்லை.

இந்தப் பள்ளத்து வயலில் என்ன நடக்கிறது? டோப்பமினை 'இன்பம் தரும் சுரப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. 1990களில் வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளின் டோப்பமின் செல்களை அளந்துகொண்டே அவற்றுக்குப் பழச்சாறு கொடுத்தார். எதிர்பாராமல் சாறு வந்தால் செல்கள் படபடவென்று துடித்தன. ஒரு விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, துடிப்பு விளக்குக்கு மாறிவிட்டது. சாறு வரும்போது ஒன்றும் இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், சாறு வந்திருக்க வேண்டிய அந்தக் கணத்தில் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அந்தச் செல்கள் சொல்கின்றன என்று 1997இல் அவரும் டயான், மாண்டேகு ஆகியோரும் எழுதினார்கள்.

என்னைப் பொறுத்தவரை இந்த நோயாளியைப் புரிந்துகொள்ளத் திறவுகோல் அந்தக் குறைவுதான். எதிர்பார்த்தது வராதபோது டோப்பமின் ஒரு கணம் இறங்குகிறதே, அதுதான் மூளைக்குப் பாடம்: இதை விடு, இதில் ஒன்றும் இல்லை. ஆனால் பிராமிபெக்சோல் போன்ற மருந்து செல் துடிக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. அதுவே டோப்பமினைப் போல வாங்கிகளில் போய் உட்கார்ந்துகொண்டு எந்நேரமும் தட்டிக்கொண்டே இருக்கிறது. செல் மௌனமானாலும் வாங்கிக்கு அந்த மௌனம் கேட்பதில்லை. வெற்றியின் ஏற்றம் மட்டும் பதிகிறது, தோல்வியின் இறக்கம் பதிவதில்லை. 2004இல் மைக்கேல் ஃபிராங்க் குழுவினர் இதைச் சோதித்தார்கள். பார்க்கின்சன் நோயாளிகள் மருந்து எடுத்திருந்தபோது பரிசிலிருந்து நன்றாகக் கற்றார்கள்; மருந்து இல்லாதபோது இழப்பிலிருந்து நன்றாகக் கற்றார்கள். ஒரே வகை நோயாளிகள், நடுவில் இருந்தது மருந்து மட்டும்.

நான் அவரிடம் கேட்டிருந்தேன்: "தோத்த அன்னிக்கு மனசு கனக்கலையா ஐயா?"

"அதாம்மா எனக்கே புரியல. கனக்கணும் இல்ல? நாளைக்கு இன்னா நம்பர்னுதான் ஓடும்."

"ஜெயிச்ச அன்னிக்கு?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "சந்தோஷம்னு சொல்ல முடியாது. பணத்தை எண்ணக்கூட மாட்டேன். அதையும் கட்டிடுவேன்."

வேண்டும் என்ற தவிப்பும் கிடைத்த பின் வரும் சுவையும் மூளையில் ஒன்றல்ல என்று கென்ட் பெரிட்ஜ் என்ற ஆய்வாளர் நீண்ட காலமாகச் சொல்லிவருகிறார். டோப்பமினை ஏறத்தாழ முழுசாக இழந்த எலிகளும் வாயில் இனிப்பை வைத்தால் சப்புக்கொட்டின. ஆனால் தாமாக எழுந்து போய்த் தின்னவில்லை. சுவை இருந்தது, நாட்டம் இல்லை. இவருக்கு அதன் மறுபக்கம்: நாட்டம் மலையளவு, சுவை துளியும் இல்லை. "நல்லா சந்தோஷமா ஆடிட்டு வந்திருப்பாரு" என்று மனைவி பதினோரு மாதமாக நினைத்து வெந்துகொண்டிருந்தார். அப்படி இல்லை என்று அவர் வாயாலேயே கேட்டது, அந்தக் குடும்பத்தில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. என் விளக்கங்கள் எல்லாம் சேர்ந்தும் அவ்வளவு செய்திருக்காது.

அடுத்தது காத்திருப்பு. ஷுல்ட்ஸ் குழு 2003இல் இன்னொன்றைக் காட்டியது. பரிசு நிச்சயம் என்றாலும், வராது என்பது நிச்சயம் என்றாலும், காத்திருக்கும் நேரத்தில் டோப்பமின் செல்கள் அமைதியாகவே இருக்கின்றன. வருமா வராதா என்று ஊசலாடும்போதுதான் காத்திருக்கும் நேரம் முழுக்கத் துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது; பாதிக்குப் பாதி என்றால் மிக அதிகம். இவர் நாளுக்கு 20 முதல் 30 எண்கள் வரை கட்டினார். அப்படியானால் ஏதோ ஒன்று அடிக்க 20 முதல் 30 சதவீதம் வரை வாய்ப்பு இருக்கும். 'என்றைக்கோ ஒரு நாள்' என்ற தூரத்து ஆசையாக அது இல்லை. ஒவ்வொரு நாளும் உயிரோடு இருந்த சந்தேகம். காலையில் சீட்டு, பிறகு ரிசல்ட். நடுவில் இருக்கும் அந்த மணி நேரங்களில்தான் அவர் வாழ்ந்தார். எத்தனை முறை கட்டினால் ஒரு முறை அடிக்கும் என்று தெரியாத பரிசு முறையைத்தான் புறாவும் எலியும்கூட எளிதில் விடுவதில்லை என்று உளவியலாளர் ஸ்கின்னர் எப்போதோ காட்டிவிட்டார்.

நோட்டில் சிவப்பு வட்டம் போட்ட எண்கள் எவை என்று நினைக்கிறீர்கள்? அடித்த எண்கள் இல்லை. நூலிழையில் தவறியவை. 48 கட்டியிருப்பார், 47 விழுந்திருக்கும். அதற்குத்தான் வட்டம். கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழு 2009இல் ஸ்கேனரில் படுக்கவைத்து ஆடவிட்டுப் பார்த்தது இதைத்தான். நூலிழைத் தோல்வி ஆடுகிறவருக்குக் கசந்தது, ஆனாலும் திரும்ப ஆடும் ஆசையைக் கூட்டியது. வெற்றி பெறும்போது தூண்டப்படும் அதே கீழ்ப்பாக ஸ்ட்ரையேட்டம் அப்போதும் தூண்டப்பட்டது. 47க்கும் 48க்கும் எண் வரிசையில்தான் பக்கம். குலுக்கலில் 47க்கும் 12க்கும் உள்ள தூரம்தான் அதுவும். மூளையின் பழைய பகுதிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அம்பு எறியவும் மீன் பிடிக்கவும் பழகும் ஒருவனுக்கு 'கிட்டே வந்துவிட்டோம்' என்பது பயனுள்ள செய்தி. குலுக்கலில் அது பொய்ச்செய்தி.

எல்லோருக்கும் இப்படி ஆகுமா? ஆகாது. 2010இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளைப் பார்த்தார்கள். சூதாட்டப் பிரச்சினை 5 சதவீதம் பேருக்கு. சூதாட்டம், காமம், வாங்கிக் குவித்தல், பெருந்தீனி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது இருந்தவர்கள், பிராமிபெக்சோல் வகை மருந்து எடுத்தவர்களில் 17.1 சதவீதம், எடுக்காதவர்களில் 6.9 சதவீதம். குடும்பத்தில் சூதாட்டம் இருந்தது, 65 வயதுக்குள் இருப்பது, புகைப்பது ஆகியவை ஆபத்தைக் கூட்டின. நம் ஆளுக்கு மூன்றும் இருந்தன. அப்பன் புத்தி என்று அவர் சொன்னது முழுக்கத் தவறில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். ஆனால் அந்தப் புத்தியை 60 வருஷம் வெளியே நிற்கவைத்திருந்தவரும் அவர்தான். கதவைத் திறந்தது மாத்திரை.

சிகிச்சை

நரம்பியல் மருத்துவரிடம் தாளோடு அனுப்பினேன். அவர் உடனே ஏற்றுக்கொண்டு, பிராமிபெக்சோலைப் பத்து வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, லெவோடோப்பாவைக் கூட்டினார். இந்த இடத்தை அழுத்திச் சொல்கிறேன்: வீட்டில் நீங்களாகவே இந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் பதற்றம், வியர்வை, உடல்வலி, மனச்சோர்வு எல்லாம் வரலாம். 2010இல் இருந்து இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. மெதுவாகக் குறைத்தும் இவருக்கு ஐந்தாவது, ஆறாவது வாரம் நரகமாக இருந்தது. தூக்கம் இல்லை. அந்த மாத்திரையில் ஒன்றாவது கொடு என்று மகளிடம் கெஞ்சியிருக்கிறார்.

கை நடுக்கம் கொஞ்சம் திரும்பியது. அதை மறைக்க முடியாது, இது கொடுத்து வாங்கும் வியாபாரம். அவர் சொன்னார்: "கை ஆடினா ஆடிட்டுப் போவுதும்மா. நான் ஆடாம இருந்தா போதும்."

பணத்துக்கு வேறு ஏற்பாடு. ஏடிஎம் கார்டு மகளிடம், போனில் யுபிஐ இல்லை, நாளுக்கு ஐம்பது ரூபாய் கைச்செலவு. சீட்டு எழுதுபவரிடம் மகளின் மாமனாரே போய்ப் பேசினார். 'விட்ட இடத்தில்தான் எடுக்கணும்' என்ற எண்ணத்தோடு மட்டும் பல வாரம் போராடினோம். ஒன்பதாவது வாரம், தானே சொன்னார்: நேற்று டீக்கடையைத் தாண்டிப் போனேன், வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. பதினோரு மாதத்தில் முதல் முறையாக மறந்திருக்கிறார்.

இதை வைத்து எல்லாச் சூதாட்டத்தையும் விளக்கிவிட முடியாது. மருந்தே எடுக்காமல் போனில் ரம்மி ஆடிச் சொத்தை விட்ட இளைஞர்கள் என்னிடம் வருகிறார்கள். அவர்கள் மூளையில் டோப்பமின் வாங்கிகள் குறைந்திருக்கின்றனவா என்று தேடிய ஸ்கேன் ஆய்வுகள், போதைப்பொருள் அடிமைகளிடம் கண்ட அளவுக்குத் தெளிவான வித்தியாசத்தைக் காணவில்லை. அங்கே வேறு பல விஷயங்கள் சேர்கின்றன. முக்கியமாக வேகம். காட்டனில் ரிசல்ட்டுக்காக மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். போனில் இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று, ராத்திரி முழுக்க. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. நல்லதுதான். டீக்கடைச் சீட்டும் எப்போதோ தடைசெய்யப்பட்டதுதான் என்பதையும் நினைத்துக்கொள்கிறேன்.

எனக்கு இந்த நிகழ்வில் ஆறாமல் இருப்பது அந்தக் கேட்கப்படாத கேள்வி. பிராமிபெக்சோலோ அதே வகையைச் சேர்ந்த ரோபினிரோலோ எழுதும்போது ஒரு நிமிஷம் போதும்: 'புதுசாகச் சூதாட்டம், அதிகச் செலவு, அதிகத் தீனி, அதிகக் காம எண்ணம் ஏதாவது வந்தால் என்னிடம் சொல்லுங்கள், அது உங்கள் குணமில்லை, மாத்திரையாக இருக்கலாம்.' நோயாளியிடம் மட்டுமில்லை, கூட வருகிறவரிடமும். இரவில் கால் குடைச்சலுக்கு இதே மாத்திரைகளைக் குறைந்த அளவில் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். மனநோய்க்குத் தரும் அரிபிபிரசோலுக்கும் இப்படி ஓர் எச்சரிக்கையை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016இல் வெளியிட்டது. இந்த மருந்துகள் கெட்டவை என்று சொல்லவில்லை. இவற்றால் பட்டன் போட முடிந்தவர்கள், நடக்க முடிந்தவர்கள் ஏராளம். கேளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

கடைசியாக அவரைப் பார்த்தது 2025 நவம்பரில். கடனில் 70,000 பாக்கி, இரண்டு அடகு மீட்டாயிற்று. மாத்திரைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் மகள் ஒரு கட்டம் போட்டு, மாதத்துக்கு ஒரு முறை அப்பாவைக் கேட்டு நீல மையில் பதில் எழுதி வைத்திருக்கிறாள். 2024 டிசம்பர், இல்லை. ஜனவரி, ஆமாம்: பொங்கலுக்கு எருது விடும் விழாவில், காளை இத்தனை நொடியில் ஓடும் என்று 200 ரூபாய் கட்டினார், தோற்றார். அதற்குக் கீழே அவர் கைப்படவே, கோணலாக, 'அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, மனசு கனத்தது' என்று எழுதியிருக்கிறார். பிப்ரவரி, இல்லை. மார்ச், இல்லை. அங்கிருந்து நவம்பர் வரை இல்லை.